சிலந்தியும் கதாசிரியரும்

பிரகிருதியில் எத்தனையோ ஜீவராசிகள் இருக்க, கதை சொல்லும் கலையோடு நாட்டுக்கு நாடு மனிதர்கள் பிணைத்து வைத்திருக்கும் பிராணிகளுள் சிலந்திக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு. கிரேக்கர்கள், நெசவில் தேவதையோடு போட்டியிட்ட அரக்னி என்னும் பெண்ணைச் சிலந்தியாக்கினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்களோ, உலகத்துக் கதைகளை எல்லாம் ஆகாயக் கடவுளிடமிருந்து தந்திரத்தால் பெற்று வந்தவன் அனன்சி என்ற சிலந்தியே என்று தம் குழந்தைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நம் சேக்கிழார் பெருமான், திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளியிருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு உதிராதபடி வலைப்பந்தல் இட்ட சிலந்தியைக் கோச்செங்கட் சோழனாகப் பிறக்கச் செய்து நாயன்மார் வரிசையில் அமர்த்தினார். யானை அந்தப் பந்தலைச் சிதைத்த பின்பும் சிலந்தி மறுபடி இழையிட்டது என்று புராணம் சொல்லும்போது, பக்தியின் மேன்மையோடு அந்த ஜந்துவின் மெய்யான சுபாவமும் சேர்ந்தே நமக்குக் கிடைக்கிறது.

இந்த இரண்டாவது அம்சமே என் மனத்தை நெடுங்காலமாக ஆட்கொண்டிருப்பது. கண்ணெதிரே இருக்கும் ஓர் உயிரைப் பொய் கலவாமல் பார்க்கத் தெரிந்தவனுக்கே அந்த உயிர் தன் கதையைக் கொடுக்கிறது என்பது என் திடமான நம்பிக்கை. அதற்குச் சாட்சியாக நிற்பவர் அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. ஒயிட், சாட்சியம், 1952 அக்டோபரில் ஹார்ப்பர் நிறுவனம் பிரசுரித்த ‘சார்லட்ஸ் வெப்’ என்னும் குழந்தைகள் நாவல்.

‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் கட்டுரைகள் எழுதிப் புகழ்பெற்றிருந்த ஒயிட், மெய்ன் மாகாணத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில் பண்ணை வைத்து ஆடும் கோழியும் பன்றியும் வளர்த்து வந்தார். குளிர்காலத்தில் அறுப்பதற்கென்று வளர்த்த பன்றி ஒன்று 1947-ஆம் ஆண்டு நோயுற்றபோது, அதைப் பிழைக்கவைக்க இரவும் பகலும் பாடுபட்டும் அது இறந்துபோக, அந்தத் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1948-இல் ‘அட்லாண்டிக்’ மாசிகையில் வெளிவந்தது. கொல்வதற்கென்றே வளர்த்த பிராணியைக் காப்பாற்றத் துடித்த அந்த மனசாட்சியில், ஒரு பன்றியைக் கதையிலாவது சாகாமல் காக்க வேண்டும் என்ற சங்கற்பம் பிறந்தது. யார் காப்பது என்ற கேள்விக்கு விடை, அவருடைய தொழுவத்திலேயே வலை கட்டிக் காத்திருந்தது.

ஓர் இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு பெரிய சாம்பல் நிறச் சிலந்தி முட்டைப் பை நூற்பதை அவர் கவனித்தார். பிறகு அது காணாமற்போகவே, நியூயார்க் திரும்பும் வேளையில் அந்தப் பையைப் பிளேடால் மெல்ல அறுத்தெடுத்து, ஒரு மிட்டாய்ப் பெட்டியில் இட்டு, மூடியில் காற்றுத் துளைகள் போட்டுத் தம் படுக்கையறை மேஜைமேல் வைத்துவிட்டு மறந்துபோனார். சில வாரங்கள் கழித்து அந்தத் துளைகளின் வழியே மணலளவான குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, தலைமயிர்ப் பிரஷ்ஷிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து நகக் கத்தரிக்கும் இழை கட்டத் தொடங்கின. மேஜையைத் துடைக்கும் பணிப்பெண் இனி முடியாது என்று மறுத்துவிடும் வரையில், சுமார் இரண்டு வாரம் அவர் அவற்றோடு குடித்தனம் நடத்தினார்.

பார்த்தது போதும் என்று அவர் நாவலுக்கு உட்கார்ந்துவிடவில்லை. காம்ஸ்டாக் என்பவர் எழுதிய சிலந்தி நூலைப் படித்தார். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையின் சிலந்தி நிபுணர் வில்லிஸ் கெர்ட்ஷிடம் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தார். தாம் கண்டது முதலில் நினைத்த இனம் அல்ல, அரேனியஸ் கவாட்டிகஸ் என்னும் தொழுவச் சிலந்தி என்று அறிந்ததும், கதாநாயகியின் முழுப்பெயரையே ‘சார்லட் ஏ. கவாட்டிகா’ என்று திருத்திக்கொண்டார். ஒரு குழந்தைக் கதைக்கு இத்தனை சிரத்தையா என்று எவரும் கேட்கலாம். வலை எவ்வாறு உருவாகிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

தோட்டத்துச் சிலந்தி முதலில் ஓர் இழையைக் காற்றில் மிதக்கவிட்டு, அது எதிர்ப்புறத்துக் கிளையிலோ வேலியிலோ ஒட்டும் வரையில் காத்திருக்கிறது. ஒட்டியதும் இழுத்துப் பார்த்து, அதன்மேல் நடந்து நூல் சேர்த்து உறுதிப்படுத்துகிறது. பிறகு நடுவிலிருந்து கீழே இறங்கிச் சட்டம் அமைத்து, மையத்திலிருந்து ஆரைகளை இழுக்கிறது. அடுத்து மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பசையில்லாத ஒரு சுருளை இடுகிறது; இது வெறும் சாரம். அந்தச் சாரத்தின்மேல் கால் வைத்து வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி வரும்போதுதான், இரையைப் பிடிக்கும் பசைச் சுருளை இடுகிறது. இட்டுக்கொண்டே சாரத்தை அகற்றிவிடுகிறது. வேலை முடிந்த வலையில் சாரத்தின் சுவடு தேடினாலும் கிடைப்பதரிது. தோட்டத்துச் சிலந்திகள் பலவும், கிழிந்து பழசான வலையை உண்டு அந்தச் சத்திலிருந்தே மறுநாளைக்கு நூல் சுரந்துகொள்கின்றன. எழுதியதைக் கிழித்து மீண்டும் எழுதும் எந்த ஆசிரியனுக்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

ஒயிட் அந்தப் பாடத்தை அப்படியே கைக்கொண்டார். 1951-இன் தொடக்கத்தில் முதல் படி முடிந்தும், அதில் ஏதோ குறை உறுத்தியதால், பதிப்பாசிரியருக்கு அனுப்பாமல் ஒதுக்கி வைத்துப் பின்னர் திருத்தி எழுதினார். தொழுவத்தின் வர்ணனையிலும் சிலந்தியின் அறிமுகத்திலும் தொடங்கிப் பார்த்த முகப்புகள் தள்ளப்பட்டன. பன்றிக்குட்டியைக் கொல்லக் கோடரியோடு புறப்படும் தந்தையைத் தடுக்கும் சிறுமி பெர்ன், திருத்தி எழுதுகையிலேதான் வந்து சேர்ந்தாள். இன்று அவளில்லாத அந்தக் கதையை எவரும் எண்ணிப் பார்க்க இயலாது.

நூலிலோ, அவர் சேர்த்த உண்மைகள் யாவும் கதையின் உயிராகவே மாறியிருக்கின்றன. பிராணிகள் பேசுவதும், சிலந்தி வலையில் சொற்களை எழுதி வில்பர் என்ற பன்றியைக் காப்பதும் அற்புதம்; சிலந்தியைப் பற்றிய மற்றதெல்லாம் நிஜம். சார்லட்டுக்குக் கிட்டப்பார்வை, ஈக்களைப் பிடித்து இரத்தம் குடித்தே வாழ்கிறாள், அதைக் கேட்டு வில்பர் அருவருப்படைந்தாலும் அவள் மறைப்பதில்லை. இனத்தின் இயல்புப்படி முட்டைப் பையைப் பின்னி முடித்ததும் சந்தை மைதானத்தில் தனியே இறக்கிறாள். வாசகர்களின் கண்ணீருக்கு அஞ்சி அந்த மரணத்தை ஒயிட் மாற்றவில்லை. வசந்தத்தில் பையிலிருந்த 514 முட்டைகளும் குஞ்சுகளாகி, நூலைக் காற்றில் விட்டுப் பறந்து போகின்றன. மூன்று மட்டும் தொழுவத்திலேயே தங்குகின்றன. சிலந்திக் குஞ்சுகள் காற்றேறிப் பயணம் போவது விஞ்ஞானம் அறிந்த உண்மை. பிரிவின் வேதனையும் சந்ததியின் ஆறுதலும் அந்த உண்மையிலிருந்தே அவருக்குக் கிடைத்தன.

சித்திரக்காரர் கார்த் வில்லியம்ஸ் முதலில் சிலந்திக்குப் பெண்முகம் வரைந்து பார்த்தபோது ஒயிட் அதை ஒப்பவில்லை. கடைசியில் சார்லட் சிலந்தியாகவே சித்திரத்தில் நின்றாள். எட்டுக் கால் ஜந்துவைக் கண்டு கூசும் குழந்தையும் அவளுக்காக அழுகிறது என்றால், அழகிய முகத்தை ஒட்டவைக்காமல், உள்ளதை உள்ளபடி காட்டியே அன்பைச் சம்பாதித்த ஆசிரியரின் வெற்றி அது.

நம் குழந்தைக் கதைகளில் மிருகங்கள் மிகுதி. எனினும் அவற்றுள் பல, தோலைப் போர்த்துக்கொண்டு நீதி பேசும் மனிதர்களாகவே இருக்கின்றன. காக்கையையும் அணிலையும் எழுதப் புகுபவர், அவை எப்போது கூடு கட்டுகின்றன, எதை உண்கின்றன, எவ்வாறு இறக்கின்றன என்பதை முதலில் கண்ணால் கண்டு, ஐயம் வந்தால் அறிந்தவரைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஈரோட்டிலோ யாழ்ப்பாணத்திலோ, சிலந்தி வலை கட்டாத வீட்டு வேலி இல்லை. அதைப் பார்க்கப் பொறுமையும், பார்த்ததை மாற்றாமல் சொல்லத் துணிவும் உள்ள ஆசிரியர்கள் தமிழில் பெருகுவார்களானால், நம் குழந்தைகளுக்கும் சார்லட்டுக்கு இணையான தோழமைகள் கிடைப்பது நிச்சயம்.