பரம்பரையாக வருவது புற்றுநோயா? 'பீடென்' நொதியம் உணர்த்தும் உண்மை

ஒரே குடும்பத்தில் தாய்க்கு மார்பகப் புற்றுநோய், சில ஆண்டுகளின் பின் மகளுக்குத் தைரொயிட் புற்றுநோய், தாயின் சகோதரிக்குக் கருப்பைப் புற்றுநோய் என அடுத்தடுத்து நேரும்போது, அயலவரும் உறவினரும் அதனைப் 'பரம்பரை வருத்தம்' என்று தாழ்ந்த குரலில் குறிப்பிடுவது வழக்கம். சிலர் அதனைத் தலைவிதி என்பர். வேறு சிலர் தொற்றிவிடுமோ என்று அஞ்சி அந்த வீட்டில் தண்ணீர் அருந்தவும் தயங்குவர்.

புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோயன்று. அது பெரும்பாலும் பரம்பரை நோயுமன்று. உதாரணமாக, மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானவையே பெற்றோர் வழி வந்த மரபணுப் பழுதினால் ஏற்படுகின்றன. அத்தகைய குடும்பங்களிலும் பிள்ளைக்குக் கையளிக்கப்படுவது புற்றுநோய் அன்று. புற்றுநோயைத் தடுப்பதற்கு உடலில் உள்ள ஏற்பாடுகளில் ஒன்றிலே நேர்ந்த பழுதே கையளிக்கப்படுகின்றது. இது வெறும் சொல் வேறுபாடு அன்று. நோய் வந்துவிட்டது என்பதற்கும், காவல் ஒன்று குறைந்துள்ளது என்பதற்கும் இடையிலுள்ள காலத்திலேதான் பல உயிர்களைக் காப்பாற்ற முடிகின்றது. இதனை விளக்குவதற்கு 'பீடென்' எனப்படும் நொதியம் மிகப் பொருத்தமான உதாரணமாகும்.

எமது உடலின் கலங்கள் ஓயாது பிரிந்து பெருகுகின்றன. காயம் ஆறுவதும், பிள்ளை வளர்வதும், தேய்ந்த தோல் புதுப்பிக்கப்படுவதும் இதனாலேயே. ஆயினும் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு கலத்துக்கு உண்டு. நிறுத்தும் பொறுப்பை ஏற்றுள்ள மரபணுக்களைக் 'கட்டி அடக்கி' மரபணுக்கள் என விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். அவை வாகனத்தின் தடுப்புக் கருவியை ஒத்தவை. பாடசாலை நூல்களில் பரம்பரையலகு எனக் குறிப்பிடப்படுவதும் இந்த மரபணுவே.

பீடென் மரபணு 10 ஆவது நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. 1997 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரமோன் பார்சன்ஸ் குழுவினரும், டெக்சாசில் உள்ள எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தின் குழுவினரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். மூளை, மார்பகம், புரோஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் புற்றுநோய்க் கலங்களில் இந்த மரபணு அடிக்கடி அழிந்தோ சிதைந்தோ காணப்பட்டமையே அவர்களை அதனிடம் இட்டுச் சென்றது. இந்த மரபணுவின் கட்டளைப்படி உருவாகும் புரதம் 403 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு நொதியமாகும்.

அந்த நொதியம் செய்யும் வேலை என்ன? 1998 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாயெஹாமா, ஜக் டிக்சன் ஆகியோர் இதற்கு விடை கண்டனர். இன்சுலின் போன்ற ஓமோன்களோ வளர்ச்சிக் காரணிகளோ கலத்தின் வெளிப்புறத்தை வந்தடையும்போது, உள்ளேயுள்ள வேறொரு நொதியம் கலமென்சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பு மூலக்கூறில் ஒரு பொசுபேற்றை இணைக்கின்றது. பொசுபேற்று ஏறிய அந்த மூலக்கூறு, 'வளர்வாய், பிரிவாய், மடியாதிருப்பாய்' என்ற கட்டளையைக் கலத்தினுள் பரப்புகின்றது. பீடென் நொதியம் அதே பொசுபேற்றைக் கழற்றிவிடுகின்றது. உடனே கட்டளை ஓய்கின்றது. ஒரு கை ஏற்றும் விளக்கை மறு கை அணைப்பது போன்றது இது. அணைக்கும் கை செயலிழந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கலமும் நிறுத்தமின்றிப் பெருகும்.

இந்த மரபணுவின் பழுது பரம்பரையாக வரும்போது தோன்றும் நிலைமைகளுள் முதன்மையானது 'கௌடன் நோய்க்கூட்டம்' ஆகும். 1963 ஆம் ஆண்டு முதன்முதலாக மருத்துவ ஏட்டில் விபரிக்கப்பட்டபோது, அந்த நோயாளியின் குடும்பப் பெயரே நோய்க்கும் சூட்டப்பட்டது. காரணம் பீடென் மரபணுவே என்பது 1997 இலேயே வெளியாயிற்று. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரில் ஒருவருக்கு இந்நிலை இருக்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனினும் அடையாளம் காணப்படாத பலர் இருக்கக்கூடும் என்பதே மருத்துவர்களின் கருத்தாகும்.

ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக எம்மிடம் உள்ளது. ஒரு பிரதி பழுதடைந்த நிலையில் பிறக்கும் பிள்ளைக்கு மற்றைய பிரதி காவல் நிற்கின்றது. வாழ்நாளில் ஏதேனும் ஒரு கலத்தில் அந்த இரண்டாவது பிரதியும் பழுதடைந்தால் அங்கே கட்டி உருவாக வழி பிறக்கின்றது. கண்ணின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோயை ஆராய்ந்த அல்பிரட் நட்சன் 1971 இல் முன்வைத்த 'இரு அடி'க் கருதுகோள் இதுவே. சாதாரணமாக ஒரே கலத்தில் இரண்டு அடிகளும் விழுவதற்கு நீண்ட காலம் செல்லும். முதல் அடியுடனேயே பிறந்தவருக்கு இரண்டாவது ஒன்றே போதுமானது. எனவேதான் பரம்பரைப் புற்றுநோய்கள் இளவயதிலும், ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளிலும் தோன்றுகின்றன. பீடென் மரபணுவைப் பொறுத்தவரை ஒரு பிரதியின் குறைபாடே உடலில் சில மாற்றங்களை ஏற்படுத்திவிடுகின்றது.

இம்மாற்றங்கள் வெளியே தெரிபவை என்பது ஒரு வகையில் நல்வாய்ப்பாகும். தலை வழமையைவிடப் பெரிதாக இருத்தல் அவற்றுள் முக்கியமானது. வளர்ந்த பெண்களில் தலையின் சுற்றளவு 58 சென்ரிமீற்றர் அளவிலும் ஆண்களில் 60 சென்ரிமீற்றர் அளவிலும் அல்லது அதற்கு மேலும் இருப்பின், ஏனைய அறிகுறிகளோடு சேர்த்து அது கவனிக்கப்படும். முகத்தில் சிறு பருக்கள் போன்ற தடிப்புகள், முரசிலும் நாக்கிலும் சிறு முளைகள், தைரொயிட் கழலை, மார்பகத்தில் தீங்கற்ற கட்டிகள், குடலில் முளைகள் ஆகியவையும் காணப்படலாம். சில பிள்ளைகளிடம் ஓட்டிசமும் காணப்படுகின்றது. இவற்றில் ஒன்று மட்டும் இருப்பதால் எவரும் அஞ்சத் தேவையில்லை. பெரிய தலையுடன் பிறந்து நலமாக வாழ்வோர் ஏராளம். பல அறிகுறிகள் ஒருவரிடத்திலோ ஒரு குடும்பத்திலோ சேர்ந்திருப்பதே கவனத்துக்குரியது.

2012 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பழுதுடைய பெண்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 85 எனவும், கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 28 எனவும், இருபாலாருக்கும் தைரொயிட் புற்றுநோய்க்கான வாய்ப்பு 35 எனவும் மதிப்பிட்டது. நோய் கடுமையாக வெளிப்பட்ட குடும்பங்களே இத்தகைய ஆய்வுகளில் அதிகம் இடம்பெறுவதால், உண்மை அளவு இதனிலும் குறைவாக இருக்கலாம் எனப் பிந்திய ஆய்வுகள் சில சுட்டுகின்றன. எவ்வாறாயினும் பொதுமக்களுக்குள்ள ஆபத்தைவிட இது பன்மடங்கு அதிகமானது.

ஆனால் அறிந்தவர் செய்வதற்கு வழிகள் உள்ளன. சிறுவயதிலிருந்தே ஆண்டுதோறும் தைரொயிட் சுரப்பியை ஸ்கேன் செய்து பார்த்தல், பெண்களாயின் 30 வயதளவிலிருந்து ஆண்டுதோறும் மார்பகத்துக்கு மமோகிராம், எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளைச் செய்தல், 35 வயதளவிலிருந்து பெருங்குடலையும் 40 வயதிலிருந்து சிறுநீரகத்தையும் பரிசோதித்தல் என்பன மருத்துவ வழிகாட்டல்களில் இடம்பெற்றுள்ளன. தைரொயிட், மார்பகப் புற்றுநோய்கள் ஆரம்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம் என்பது எவரும் மறுக்காத உண்மையாகும்.

இங்கே எமது சமூகங்களில் நிலவும் சில தவறான எண்ணங்களையும் குறிப்பிட வேண்டும். பழுதடைந்த பிரதி ஒன்றை உடையவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது செல்வதற்கான வாய்ப்பு சரிபாதியாகும். மகனுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். மார்பகப் புற்றுநோய் பெண்வழி நோய் என்று கருதித் தந்தையின் குடும்பத்தைக் கணக்கில் எடுக்காதிருப்பது தவறு. தந்தை எவ்வித நோயுமின்றி வாழ்ந்து, தனது தாயிடமிருந்து பெற்ற பழுதைத் தன் மகளிடம் கையளிக்கக்கூடும். அதேபோல், மச்சான் மச்சாள் திருமணத்தாலேயே இது வருகின்றது என்பதும் சரியன்று. இதற்கு ஒரு பிரதியின் பழுதே போதுமாதலால், சொந்தத்துக்கு வெளியே மணம் முடித்தாலும் அது தொடரும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத பழுது பிள்ளையில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே இதில் எவரையும் குற்றஞ்சாட்ட இடமில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது மௌனமாகும். தமிழ்க் குடும்பங்களிலும் சரி, முஸ்லிம் குடும்பங்களிலும் சரி, பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது தடை வந்துவிடும் என்ற அச்சத்தினால் தாயின் நோய் 'வயிற்று வருத்தம்' ஆகிவிடுகின்றது. பெரியம்மாவின் மரணம் 'காய்ச்சல்' ஆகிவிடுகின்றது. பின்னொரு நாள் மகள் தன் மார்பகத்தில் ஒரு கட்டியுடன் மருத்துவரிடம் செல்கின்றாள். 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?' என்று அவர் கேட்கும்போது, அவள் உண்மையறியாமல் 'இல்லை' என்கின்றாள். மரபணுப் பரிசோதனைக்கு முந்திய முதற்பரிசோதனை அந்தக் கேள்வியே. அதற்குச் செலவு எதுவுமில்லை. பதில் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அவர்களுள் மிகச் சிலருக்கே பீடென் பழுது இருக்கும். ஆயினும் இளவயதில் புற்றுநோய், ஒருவருக்கே இரண்டு வகைப் புற்றுநோய்கள், ஒரே பக்கத்து உறவினர் பலருக்குப் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கும் குடும்பங்கள், எந்தெந்த உறவினருக்கு எந்த வயதில் என்ன நோய் ஏற்பட்டது என்பதை எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பரிசோதனை தேவையா என்பதை அவர் தீர்மானிப்பார். முதலில் நோயுற்றவரைப் பரிசோதித்துப் பழுதைக் கண்டுகொண்டால், ஏனையோரிடம் அந்த ஒன்றை மாத்திரம் தேடினால் போதும். அது இல்லை என்று தெரியவருபவர் இந்தக் குடும்பப் பழுது பற்றிய அச்சத்திலிருந்து விடுபடுகின்றார். இருப்பவரோ நோய் வருமுன்னரே விழித்துக்கொள்கின்றார்.

முன்னோர் விட்டுச் செல்லும் காணிக்கும் நகைக்கும் உறுதி எழுதி வைக்கின்றோம். அவர்களது நோயின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாயின், அதுவும் அவர்களைக் காக்கும் ஒரு முதுசமாகும்.