வலியின் சாட்சியம்: அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகளும் சமத்துவமும்

அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளிக்கு எந்த வலிநீக்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கொரு முறை என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். அம்முடிவு மருத்துவ அறிவை மட்டும் சார்ந்ததன்று. நோயாளியின் சொல் நம்பப்படுகிறதா என்பதையும் சார்ந்தது. "உழைத்த உடம்பு, தாங்கும்" என்ற எண்ணம் மருந்தைக் குறைக்குமானால் அது பாகுபாடே. அதை இனங்காண மருந்துகளின் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

மிதமான வலிக்குப் பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் பெரும்பாலும் போதும். கடும் வலிக்கு அவற்றுடன் ஓபியாய்டு எனப்படும் அபினி வகை மருந்துகள் தேவைப்படும். மார்ஃபினே இவற்றுக்கு அளவுகோல். இரத்தக்குழாய் வழியே 10 மில்லிகிராம் செலுத்துவது, வாய்வழி ஏறத்தாழ 30 மில்லிகிராம் தருவதற்கு இணை. ஊசியின் பயன் சுமார் மூன்று நான்கு மணி நேரம் நீடிக்கும்.

ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆயினும் ஆற்றல் மிகுந்தது என்பதாலேயே அது மேலானதாகிவிடாது. சில நிமிடங்களில் வேலை செய்யும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். அறுவை அரங்கில் செலுத்திய ஒற்றை ஊசி, வார்டில் ஓர் இரவைக் கடத்த உதவாது.

டிரமடால் ஊசியின் ஆற்றல் மார்ஃபினில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றியமைத்த பின்னரே அதன் முழுப்பயன் கிட்டும். அந்நொதியின் வேகம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், உரிய அளவு தந்தும் சிலருக்கு வலி தணியாது. "ஊசிதான் போட்டாயிற்றே, இன்னும் ஏன் அழுகிறாய்?" என்று அதட்டப்படும் பெண் உண்மையையே சொல்லியிருக்கக்கூடும். அந்நொதி மிகை வேகத்தில் இயங்குவோருக்கோ ஆபத்து வேறு வகையில் வரும். ஆகவேதான் 12 வயதுக்குட்பட்டோருக்கு வலிக்காக டிரமடாலும் கோடீனும் தரலாகாது என்றும், பாலூட்டும் தாய்மாருக்கு அவை பரிந்துரைக்கத்தக்கவை அல்ல என்றும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் அறிவித்தது. பழைய மருந்தான பெத்திடினைத் தொடர்ந்து தந்தால், அதன் சிதைபொருள் உடலில் தேங்கி வலிப்பை உண்டாக்கலாம். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு ஆபத்து அதிகம்.

இவையனைத்தும் அளவு மீறினால் மூச்சை ஒடுக்கும். ஆகவே நம் கோரிக்கை "கூடுதல் மருந்து" அன்று. முறையான மதிப்பீடும் கண்காணிப்பும், கைக்கெட்டும் தூரத்தில் மாற்று மருந்தான நலக்சோனுமே.

சட்டமும் இதில் தடையாக இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பல உரிமங்களையும் கடுந்தண்டனை அச்சத்தையும் கொணர்ந்ததால், மருத்துவமனைகள் மார்ஃபினைத் தவிர்த்தன. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம முறையை எளிதாக்கியது. 2015இல் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாதவையாக அறிவிக்கப்பட்டன. ஆகவே "சட்டம் அனுமதிக்காது" என்னும் விடை இன்று செல்லாது.

வலியை மதிப்பிடுவதில் முன்முடிவு நுழையும் என்பதற்குச் சான்று உண்டு. 2016இல் வெளியான வர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பன போன்ற பொய்களில் ஒன்றையேனும் வெள்ளையின மருத்துவ மாணவர், பயிற்சி மருத்துவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பினர். அவ்வாறு நம்பியோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். உழைக்கும் சாதியினரின் உடலைப் பற்றிய நம் ஊர்ப் பேச்சுக்கும் இதற்கும் தர்க்கம் ஒன்றே.

தலித், பழங்குடியினர் மருத்துவமனையில் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(1)(இசட்ஏ)வின்படி குற்றம். ஆனால் உள்ளே படுத்திருப்பவரின் சொல்லை நம்ப மறுப்பது அப்பிரிவின் சொற்களுக்குள் எளிதில் அடங்காது. அங்கே நம் ஆயுதம் ஆவணம். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுக்க விதிமுறைகள்.

கேஸ் ஷீட்டில் மூன்றைப் பாருங்கள்: வலி 0 முதல் 10 வரையான அளவில் பதிவாகியுள்ளதா? மருந்தின் பெயர், அளவு, நேரம் உள்ளனவா? வலி தணியாதபோது மறுமதிப்பீடு நடந்ததா? வெற்றிடமாக விடப்பட்ட கட்டமும் ஒரு சாட்சியமே. அடுத்த கட்டில் படுத்திருந்தவரின் பதிவோடு அதை ஒப்பிட்டுக் காட்ட முடிந்தால், சமத்துவம் பற்றிய கேள்வியை நீதிமன்றம் தட்டிக்கழிக்க இயலாது.