ஓசூருக்குப் புதிய நீர்த்தேக்கம்: கவனிக்கவேண்டிய விஷயம்

நந்தி மலையில் உற்பத்தியாகும் தென்பெண்ணை, தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்ததும் முதலில் தேங்குமிடம் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையாகும். அதன் ஆழம் சுமார் 44 அடி. தொழிற்சாலைகளால் ஜனத்தொகை பெருகி 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியான ஓசூரோ, 2013-இல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டத்தின் காவிரி நீரைக் குடிக்க நாடுகிறது.

காரணம் யாதெனில், பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே இந்நதியில் கலக்கிறது. மதகு திறக்குங்கால் நுரை பொங்கிச் செல்வதைக் குடியானவர்கள் பலமுறை கண்டிருக்கின்றனர். கிணற்று நீரைக் கொள்ளலாமென்றால், இப்பிரதேசத்தில் பலவிடங்களில் புளோரைடு உப்பு மிகுந்துள்ளது. பற்களைக் கறையாக்கி எலும்புகளை வளைக்கும் இவ்வுப்பு காய்ச்சுவதால் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு அதிகரிக்கவே செய்யும்.

ஆதலின், புதிய நீர்த்தேக்கத்திற்கு இடம் தேர்வோர் மழையளவையும் மண்ணின் உறுதியையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. மேலே எவ்வூர்களின் சாக்கடை அவ்வோடையில் விழுகிறதென்று நடந்து பார்த்தல் அவசியம். கழிவு கலவாத சிற்றோடையின் சிறிய தேக்கமே, நுரைக்கும் பெரிய அணையினும் ஊருக்கு உபயோகமாகும். அதுவரையில், ஆற்று நீரைக் கீரைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சுவோர், நீர், மண் மாதிரிகளை வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்வது நலம்.