வட்டத் தொழுவம் கற்பிக்கும் பாடம்

மாட்டுத் தொழுவம் என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரை மட்டுமன்று. அது ஒரு வேலைக்களம். தீவனம் உள்ளே வரவேண்டும். பால் வெளியே செல்லவேண்டும். சாணம் வீணாகாது எருவாகவேண்டும். இவற்றிற்காக ஆட்கள் நடக்கும் நடை மிகுந்தால் செலவும் மிகும்.

இவ்வுண்மையை உணர்ந்து கட்டப்பட்ட பழந்தொழுவம் ஒன்று அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹான்காக் என்னுமிடத்தில் உள்ளது. ஷேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர் அங்கு நிலத்தையும் மந்தையையும் பொதுவுடைமையாகக் கொண்டு வாழ்ந்தனர். பனிக்காலம் நெடிதாகையால், மாடுகளை உள்ளே கட்டி, உலர்த்திய புல்லையிட்டுக் காக்கவேண்டிய நிலை. 1826ஆம் ஆண்டில் அவர்கள் இத்தொழுவத்தைக் கல்லால் வட்ட வடிவில் எழுப்பினர். 

நடுவில் புல் சேமிக்கும் பெரிய அறை. அதைச் சூழ 52 பசுக்கள் உட்புறம் நோக்கி நின்றன. புல்வண்டிகள் சரிவுப் பாதையில் ஏறி மேல்தளத்தில் நுழைந்தன. புல்லை நடுவறைக்குள் தள்ளிவிட்டு, வட்டமாகச் சுற்றி, வந்த வாயிலாலேயே வெளியேறின. வண்டியைப் பின்னே தள்ளும் தொல்லையில்லை. புல் தன் எடையாலேயே கீழிறங்கியது. நடுவில் நின்றே மந்தை முழுவதற்கும் தீவனமிட இயன்றது. பிற்காலத்தில் பசுக்களின் தளத்திற்கு அடியில் எருக்குழியும் அமைந்தது. தரையிலிருந்த திறப்புகள் வழியே சாணம் அதனுள் தள்ளப்பட்டது.

எனினும், புல் முழுவதையும் ஓரிடத்திற் குவிப்பதில் ஆபத்து உண்டு. ஈரம் காயாத புல் உள்ளே வெப்பமேறித் தானே தீப்பற்றக்கூடும். இதனைத் தவிர்க்கவே குவியலின் நடுவே காற்றோட்டக் கூண்டு ஒன்று மரத்தால் அமைக்கப்பட்டது. 1864இல் இத்தொழுவம் தீக்கிரையாயிற்று, கற்சுவர்களே எஞ்சின. தனியொருவர் முதலாயின் அந்நட்டம் ஒரு குடும்பத்தையே வீழ்த்தியிருக்கும். பொதுவுடைமையாதலின், சமூகத்தார் ஒன்றுகூடி அதனை மீண்டும் எழுப்பினர். இன்று அது அருங்காட்சியகத்தின் பகுதியாகப் பேணப்படுகிறது.

வட்ட வடிவத்தை நாமும் பின்பற்றவேண்டும் என்பது நம் கருத்தன்று. வட்டக் கூரைக்குத் தச்சுவேலை கடினம். மந்தை பெருகினால் கட்டடத்தை நீட்டவும் இயலாது. பின்பற்றத்தக்கது அதைக் கட்டியோர் சிந்தித்த முறையே. எனவே, பொதுத் தொழுவம் அமைக்க முற்படும் சங்கங்கள், செங்கல்லைக் கணக்கிடுமுன், தீவனமும் பாலும் சாணமும் செல்லவேண்டிய வழிகளைத் தரையில் கோடிட்டு, நடந்து, அடிகளை எண்ணிப் பார்ப்பார்களாக. அங்கத்தினர் பணம் வீணாகாதிருக்க அதுவே முதற்படி.