கார் போடும் ‘கீச்’ சத்தம்!

பிரேக்கை மிதித்ததும் ‘கீச்’ என்று ஒரு சத்தம்.

“அப்பா! அது என்ன சத்தம்?” என்று பின்சீட்டில் இருக்கும் பிள்ளை கேட்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது பழகிப்போய் இருக்கும். “ஒன்றும் இல்லை” என்பார். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

ஆனால், அந்தச் சத்தம் தானாக வந்தது அல்ல. வேண்டும் என்றே வைத்தது!

பல கார்களில், பிரேக் பேடின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பேடு தேய்ந்ததும், அந்தத் தகடு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கில் உரசும். அதுதான் ‘கீச்’. “பேடை மாற்று” என்று அர்த்தம்.

மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்? ‘கீச்’ போய், ‘கரகர’ என்ற சத்தம் வரும். இரும்பும் இரும்பும் உரசும். டிஸ்க் கீறிப்போகும். பேடோடு தீர வேண்டிய செலவு, டிஸ்குக்கும் சேர்ந்துவிடும். செலவாவது பரவாயில்லை. நிற்க வேண்டிய இடத்தில் கார் நிற்காது!

மலைப் பாதையில்...

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கும்போது ஓயாமல் பிரேக்கை மிதித்தால், அது கொதித்துப்போகும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். அப்படிப் பழசான ஆயில் சீக்கிரம் கொதிக்கும். உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகும். அப்புறம் மிதித்தால், கால் ‘மெத்’தென்று கீழே போகும். கார் போய்க்கொண்டே இருக்கும்!

ஆகவே, ஏறும்போது போட்ட சின்ன கியரிலேயே இறங்குங்கள். என்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும். கருகிய வாடை வந்தால், பத்திரமான இடத்தில் ஓரம்கட்டி ஆற விடுங்கள்.

சிவப்பு விளக்கு

காரின் முன் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால், சீக்கிரம் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும். சிவப்பு எரிந்தால், அங்கேயே நிறுத்த வேண்டும். அதிலும் எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கை அலட்சியம் செய்யாதீர்கள். சில நிமிடங்களிலேயே என்ஜின் கெட்டுப்போகலாம்.

என்ஜின் கொதித்தால், உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அடுப்பில் இருக்கும் குக்கரை அப்படித் திறப்போமா? கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டயர் அந்த மேடு வரைக்கும் தேய்ந்துவிட்டால், புது டயர் போட வேண்டும்.

காலையில் காரை எடுக்கும் முன், அது நின்ற தரையை ஒரு தடவை பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால், ஏ.சி. விட்ட தண்ணீராக இருக்கும். பயம் இல்லை. கறுப்புக் கறை என்றால், என்ஜின் ஆயில் ஒழுகுகிறது. பச்சை அல்லது சிவப்புத் தண்ணீர் என்றால், ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் ஓரமாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், காரைக் கிளப்பாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.