இரும்பும் கொஞ்சம் சர்க்கரையும்

ஐந்து நிமிடத்தில் சார்ஜ், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம் என்று அடிக்கடி ஒரு ‘புரட்சி பேட்டரி’ செய்தியில் வருகிறது. அவற்றில் பல ஆய்வகப் படி தாண்டுவதில்லை. சாலையில் நிஜமாக நிறைய ஓடுவதோ, தொடக்கத்தில் தேறாது என்று தோன்றிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 1980இல் ஆக்ஸ்போர்டில் விஞ்ஞானி ஜான் குடினஃப் லித்தியம் பேட்டரிக்குக் கண்ட நேர்மின்முனை கோபால்ட் ஆக்சைடால் ஆனது. கோபால்ட் விலை அதிகம். பெரும்பகுதி காங்கோவிலிருந்து வரவேண்டும். மலிவான இரும்பைப் போடலாம் என்றால் இரும்பு ஆக்சைடு தரும் வோல்ட் போதாது. 1980களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃபும், மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரமும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். மாலிப்டேட்டோடு சேர்ந்த இரும்பு 3 வோல்ட் தந்தது. சல்பேட்டோடு சேர்ந்த அதே இரும்பு 3.6 தந்தது. சல்பேட்டில் உள்ள கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இறுக்கிக்கொள்ள, இரும்பின் பிடி தளர்ந்து வோல்ட் ஏறுகிறது. இரும்பு மாறவில்லை, அக்கம்பக்கம்தான் மாறியது! 2019இல் குடினஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மந்திரம்தான்.

இரும்பின் அக்கம்பக்கத்தை மாற்றும் இந்த வழியில் 1997இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த இரும்பு பாஸ்பேட்டில் எலக்ட்ரான் நகரவே திணறியது. அதற்குக் கிடைத்த வைத்தியங்களில் எனக்குப் பிடித்தது சமையலறைச் சரக்கு. மாவினும் நுண்ணிய அதன் தூளோடு சர்க்கரையைக் கலந்து, ஆக்சிஜன் படாமல் சூடேற்றினால், சர்க்கரை கரிந்து ஒவ்வொரு துகளுக்கும் கரிப்பூச்சு ஆகிறது. அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்துகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நிக்கல் கலந்த லித்தியம் பேட்டரியை விட இதில் ஆற்றல் குறைவுதானே என்பார்கள். குறைவுதான், குளிரில் மந்தமும் ஆகும். ஆனால் பாஸ்பரஸ் ஆக்சிஜனை எளிதில் விடாததால் சூடேறினாலும் தீக்குத் துணைபோவது குறைவு. ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். அன்றாடம் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இவைதான் முக்கியம். கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து ஆராய்ச்சியை அளப்பது பெரிய பிசகு. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால் பழைய இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உடைத்துப் பிரிப்பவருக்கு லாபம் சொற்பம். இதற்கு முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை; ஆராய்ச்சிப் பணம் போகவேண்டிய இடம் இது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரட்டும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்திருக்கின்றன. வண்டி வாங்கப் போகிறவர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கும் அதே வாயால், பழைய பேட்டரியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள்.