புரியவில்லை என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது இப்போது சகஜமாகிவிட்டது. இடிப்பதற்கு முன் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வீட்டுக்காரர்கள் கூட்டம் ஒன்று நடக்கும். பில்டர் தரப்பு ஆள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு ஆங்கிலத்தில் விளக்குவார்: "யுவர் ஏரியா கோஸ் அப், சார். யூடிஎஸ் கம்ஸ் டவுன், பட் தட் இஸ் ஒன்லி ஆன் பேப்பர். ஸோ யூ ஆர் கெய்னிங்." எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் கலைந்து லிஃப்ட் வாசலில் நிற்கும்போதுதான் உண்மை வெளியே வரும். "மாமா, அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?" "நீ தலையாட்டினியே, உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், அலுவலக வீடியோ கால் என்று இது எங்கேயும் நடப்பதுதான். தமிழில் பேசினால் "இருங்க சார், அங்க எனக்குப் புரியல" என்று நடுவில் நிறுத்திவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது வாயில் வருவதில்லை. காரணம் இரண்டு பயம். நமக்கு ஆங்கிலம் போதாது என்று நினைத்துவிடுவார்களோ என்பது ஒன்று. உன் பேச்சில் விஷயம் இல்லை என்று நாம் குத்திக்காட்டுவதாக எதிராளி எடுத்துக்கொள்வாரோ என்பது இன்னொன்று. இரண்டையும் தவிர்க்க வழி உண்டு. எதுவரை புரிந்தது, எந்த இடத்தில் நூல் அறுந்தது, எதைச் சொன்னால் தெளியும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும்.

எது புரியவில்லை?

வாயைத் திறப்பதற்கு முன் நமக்கு நாமே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புரியாமையில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் வேறு.

காதில் சரியாக விழவில்லை என்றால், "சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்" போதும். சென்னையில் பலரும் சொல்லும் "கம் அகெய்ன்" நண்பர்களுக்குள் சரி. மேலதிகாரியிடமோ புதியவரிடமோ கொஞ்சம் வெட்டிப் பேசுவதுபோல் ஒலிக்கும்.

ஒரு சொல் தெரியவில்லை என்றால், "வாட் டு யூ மீன் பை யூடிஎஸ் ஹியர்?" என்று கேட்கலாம். கடைசியில் வரும் அந்த "ஹியர்" நல்ல துணை. இந்த இடத்தில் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பதாகிவிடுவதால், அகராதி தெரியாதவர் கேட்ட கேள்வியாகத் தோன்றாது.

சொற்கள் எல்லாம் தெரிந்தும், முதல் வாக்கியத்திலிருந்து முடிவுக்கு அவர் எப்படிப் போனார் என்பது பிடிபடவில்லை என்றால், அதுதான் வாதம் புரியாத நிலை. "ஐ டோன்ட் க்வைட் ஃபாலோ ஹவ் யூ காட் ஃப்ரம் தேர் டு ஹியர்." இதில் "க்வைட்" என்ற சின்னச் சொல்லை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் கதவைச் சாத்துவதுபோல் இருக்கும். இருந்தால் முக்கால்வாசி வந்துவிட்டேன், மிச்சத்துக்குக் கை கொடுங்கள் என்று கேட்பதாக இருக்கும்.

நான்காவது வகை, புரிந்தும் ஒப்புக்கொள்ளாதது. "ஐ டோன்ட் அன்டர்ஸ்டாண்ட் ஹவ் எனிபடி கேன் சே திஸ்" என்பவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது. கோபம் புரியாமை வேஷம் போட்டு வருகிறது. மறுப்பதாக இருந்தால் "ஐ ஸீ யுவர் பாயின்ட், பட் ஐ ஸீ இட் டிஃபரன்ட்லி" என்று நேராக மறுத்துவிடலாம்.

ராமானுஜனைப் புரியாதவர்கள்

புரியவில்லை என்று சொல்லும் கலைக்குச் சென்னையிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1910 முதல் 1913 வரை கணித மேதை சீனிவாச ராமானுஜன் எழுதியதைப் படித்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் அது புரியவில்லை. ஒவ்வொருவரும் அதை எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

1910 கடைசியில் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவைப் பார்க்க ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு போனார். ராவ் கணிதம் படித்தவர். ஆனாலும், கேட்டதில் விஷயம் இருக்கிறதா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. உடனே தீர்ப்புச் சொல்லாமல் இன்னொரு முறை வரச் சொன்னார். மறுபடி வந்தபோது, எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை ராமானுஜன் எடைபோட்டு வைத்திருந்தார். எளிய முடிவுகளில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துப் போனார். ராவுக்கு நம்பிக்கை வந்தது. மாதாமாதம் தன் கைப்பணத்தைக் கொடுத்து ஆதரித்தார். தனக்குப் புரியவில்லை என்பதை மறைக்காததால்தான் ராமானுஜனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தது.

1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதக்காரர். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலையில் அவர் வீடு. இன்றைக்கு அது பாரதி சாலை. மாடியில் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து இரவு வெகுநேரம் கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளைத் தாண்டி ஒரே எட்டில் விடைக்குப் போய்விடுவார். நாராயண ஐயர் விடமாட்டார். எனக்கே புரியவில்லை என்றால் வெளியே இருக்கிற பெரியவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள், என் மட்டத்துக்கு இறங்கி வந்து இந்த இரண்டு வரிக்கு நடுவே பத்து வரியாவது எழுது என்பாராம். புரியவில்லை என்று சொன்னதோடு, எந்த இரண்டு வரிக்கு நடுவில் என்று விரலையும் வைத்தார்.

அதே ஆண்டு கடைசியில் மெட்ராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் சி.எல்.டி. கிரிஃபித், ராமானுஜனின் தாள்களை லண்டனில் தன் பழைய ஆசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பினார். ஹில் அன்பாகத்தான் பதில் எழுதினார். இந்த இளைஞருக்குத் திறமை உண்டு, ஆனால் முடிவில்லாத தொடர்களைக் கையாள்வதில் வழி தவறியிருக்கிறார், விளக்காத குறியீடுகளைப் பயன்படுத்தக் கூடாது, இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்பது சாரம். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் எழுதியவரிடம் திருப்பிக் கேட்கும் கேள்வி எதுவும் அதில் இல்லை. தனக்குப் பிடிபடாததைத் தவறு என்று வைத்துக்கொண்டார். பேச்சு அங்கேயே நின்றது.

1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். ஹார்டிக்கும் பல சூத்திரங்கள் புரியவில்லை. பிப்ரவரி 8 தேதியிட்ட பதிலில், கடிதம் தன்னை மிகவும் ஈர்த்தது என்று தொடங்கினார். நிரூபணங்களைப் பார்க்காமல் மதிப்பிட முடியாது என்றார். பிறகு முடிவுகளை மூன்றாகப் பிரித்தார்: ஏற்கெனவே தெரிந்தவை அல்லது எளிதில் வரக்கூடியவை; புதியவை, சுவையானவை, ஆனால் பெரிய முக்கியத்துவம் இல்லாதவை; புதியவை, முக்கியமானவை, ஆனால் நிரூபணம் எவ்வளவு கறாரானது என்பதைப் பொறுத்தே நிற்பவை. மூன்றாவது வகைக்குத்தான் நிரூபணம் அவசரமாக வேண்டியிருந்தது. ராமானுஜன் மனம் சுருங்கவில்லை. தன் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்று அந்த மாதமே பதில் எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் கப்பலேறினார்.

வாக்கியத்தைக் கட்டும் விதம்

நாராயண ஐயரும் ஹார்டியும் செய்ததை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: புரிந்த பகுதி, புரியாத இடம், வேண்டிய உதவி. இந்த வரிசையில் சொன்னால் ஆங்கிலம் தானாகவே மரியாதையாகிவிடும். புரிந்த பகுதியை முதலில் சொல்லும்போது, கவனித்துக் கேட்டோம் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் ஒருவர் இப்படி எழுந்து கேட்கலாம்: "ஐ ஆம் வித் யூ ஆன் தி ஏரியா, சார். வேர் யூ லாஸ்ட் மீ இஸ் தி யூடிஎஸ். குட் யூ டேக் அஸ் த்ரூ தட் வித் அவர் நம்பர்ஸ்?" ஏரியா வரை வந்துவிட்டேன், யூடிஎஸ் என்ற இடத்தில் விட்டுவிட்டேன், எங்கள் கணக்கை வைத்தே ஒரு முறை சொல்லுங்கள். இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆனால் தட்டிக்கழித்துவிட்டுப் போகவும் முடியாது.

கணக்கை வைத்துப் பார்த்தால் கேள்வியின் பலன் தெரியும். உதாரணத்துக்கு 2 கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. எட்டு வீடுகள் இருந்தால் சமபங்காக ஒவ்வொருவருக்கும் மனையில் 600 சதுர அடி. இந்தப் பிரிக்கப்படாத பங்குதான் யூடிஎஸ். இடித்து 12 வீடுகள் கட்டினால் ஆளுக்கு 400. வீடு 800 சதுர அடியிலிருந்து 1,000 ஆகிறது என்பது நிஜமாக இருக்கலாம். அந்த ஆயிரத்தில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதைக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக் கேள்வி. ஆனால் மண்ணில் இருந்த பங்கில் மூன்றில் ஒன்று கைமாறுகிறது. கட்டடம் பழசாகும், மண் ஆகாது. அடுத்த முறை இடிக்கும்போது பேரம் இந்த 400-ஐ வைத்துத்தான். இத்தனைக்கும் பிறகு அது லாபமான ஒப்பந்தமாகவே இருக்கலாம். "ஒன்லி ஆன் பேப்பர்" என்ற ஒரு துண்டு மட்டும் வாதத்தில் நிற்காது. எங்கே புரியவில்லை என்று விரல் வைத்ததால்தான் அது வெளியே வந்தது.

வேறு சில வாக்கியங்களையும் கைவசம் வைத்துக்கொள்ளலாம். பேசுபவர் பெரியவராக இருந்தால், "ஐ மே பி மிஸ்ஸிங் சம்திங், பட்..." என்று தொடங்குவது நல்லது; தவறு நம் பக்கமும் இருக்கலாம் என்று அது இடம் விடுகிறது. பேச்சு அந்தரத்தில் போனால், "குட் யூ கிவ் மீ அன் எக்ஸாம்பிள்?" நீண்ட பேச்சின் முடிவில் மொத்தமாகக் குழம்பியிருந்தால், "வாட் இஸ் தி மெயின் பாயின்ட் யூ வுட் லைக் அஸ் டு டேக் ஃப்ரம் திஸ்?"

சறுக்கும் இடங்கள்

சந்தேகம் கேட்பது நம் வகுப்பறைப் பழக்கம். அதை அப்படியே "ஐ ஹேவ் எ டவுட்" என்று சொல்கிறோம். சென்னைக்குள் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ கேட்டால், அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று பொருள் கொள்வார். அடையாற்று அலுவலகத்திலிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும்போது "ஐ ஹேவ் எ க்வெஸ்சன்" போதும்.

"யூ ஆர் நாட் க்ளியர்" என்பது ஆளைக் குறை சொல்வது. "தட் பார்ட் வாஸ்ன்ட் க்ளியர் டு மீ" என்றால் அந்தப் பகுதியோடு நிற்கிறது.

"வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்" என்று ஆரம்பிப்பது மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது மறுப்புக்கு முன்னால் அடிக்கும் மணி. கேள்வி கேட்க எழுந்தவர் அதைச் சொன்னால், சண்டைக்கு வருகிறார் என்று எதிராளி நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"ஒய்" என்று தொடங்கும் கேள்விகளிலும் கவனம் வேண்டும். "ஒய் ஆர் யூ சேயிங் திஸ்?" விசாரணை. "வாட் மேக்ஸ் யூ சே தட்?" என்பதைத் தணிந்த குரலில் கேட்டால் அதே கேள்வி உரையாடலாகிறது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, இடைவிடாமல் "யா, யா" போடுவது. நாம் "ம்" கொட்டுவது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. ஆங்கிலத்தில் "யா" என்றால் ஒப்புக்கொண்டேன் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். பத்து முறை அதைச் சொல்லிவிட்டுப் பதினோராவது தடவை புரியவில்லை என்றால் யாருக்கும் எரிச்சல் வரும்.

கேட்ட பிறகும் புரியாவிட்டால்

அதே கேள்வியை இன்னொரு முறை கேட்பதைவிட, நமக்குப் புரிந்ததை நாமே திருப்பிச் சொல்வது நல்லது: "லெட் மீ சே இட் பேக் டு யூ. டெல் மீ வேர் ஐ காட் இட் ராங்." எங்கே தவறு என்று திருத்துவது எல்லோருக்கும் சுலபம், மறுபடி முதலிலிருந்து விளக்குவதுதான் சிரமம். திருத்த வரும்போது, அவருடைய வாதத்தில் ஓட்டை இருந்தால் அது பல நேரம் அவருக்கே தெரிந்துவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்தில் கேட்கலாம். "திஸ் இஸ் இம்பார்ட்டன்ட் டு அஸ், ஸோ குட் யூ புட் இட் இன் எ மெயில்?" பேச்சில் வழுக்கிக்கொண்டு போகும் "ஸோ"வும் "பேசிக்கலி"யும் எழுத்தில் நிற்பது கடினம். கையெழுத்தோ பணமோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் இதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளாமல் முதலிலேயே கேட்டுவிடலாம்.

இன்னொரு வழி கையிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆரம்பித்த பேச்சை ஆங்கிலத்திலேயே முடிக்க வேண்டும் என்ற வீம்பில் அதை விட்டுவிடுகிறோம். பேசுபவருக்கும் தமிழ் தெரியும் என்றால், "சார், அந்த ஒரு பாயின்ட்டை மட்டும் தமிழ்ல சொல்லிடுங்களேன், எல்லாருக்கும் சுலபமா இருக்கும்" என்று கேட்கலாம். விஷயம் தெளிவாகத் தெரிந்தவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். தமிழிலும் அவர் தடுமாறினால், அந்த வாதத்தை அவரே இன்னும் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று யோசிக்கலாம். அப்போது அவசரப்படாமல் "டேக் யுவர் டைம், சார். வீ கேன் கம் பேக் டு திஸ் நெக்ஸ்ட் வீக்" என்று அவருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிடுங்கள்.